கைகாட்டி வீட்டு நெட்

மழை விடியலுக்கு முன்பே தொடங்கியிருந்தது. இடி முழக்கி மின்னல் வீசி வந்த மழையல்ல அது. போகிறேன் என்றும் சொல்லாமல் இருக்கிறேன் என்றும் சொல்லாமல் முன்னறையில் உட்கார்ந்துவிட்ட விருந்தாளியைப் போல, கூரைத் தகட்டின்மேல் ஒரே சுருதியில் பேசிக்கொண்டிருந்த மழை. தெருமுனை ரொட்டிக்கடையின் புகை மேலே செல்ல மனமின்றித் தாழ்ந்து, ஈரச் சுவர்களைத் தடவிக்கொண்டு வீடு வீடாக நுழைந்தது.

அந்தத் தெருவில் கைகாட்டி வீடு எது என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். ரயில் பாதையோரக் கேபினில் நின்று, இரும்புப் பிடிகளை இழுத்துக் கைகாட்டிகளை ஏற்றியும் இறக்கியும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வுபெற்றவர் அவ்வீட்டுப் பெரியவர். வேலை போயும் பெயர் போகவில்லை. தெருமுனை ரொட்டிக்காரர் அவருடைய மகன். ரொட்டிக்காரரின் மனைவி, பெரியவருக்கு மருமகள், முன்னறையில் கணினிக்கு முன் அமர்ந்து மருத்துவர்களின் வாய்மொழியை எழுத்தாக்கும் தொழில் செய்பவள்.

அத்தொழில் பார்ப்பவர்க்கு எளிது. செய்பவர்க்கே அதன் தவம் தெரியும். நோயாளியைப் பார்த்து முடித்த மருத்துவர் ஒரு கருவியில் பேசி அனுப்புவார். அக்குரலைக் காதில் வாங்கி, பிழையறத் தட்டெழுதி, நெட் வழியே அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். காலடியில் தையல் இயந்திரத்துக்கு இருப்பது போல ஒரு மிதி. மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். மருத்துவர்களில் ஒருவர் கொட்டாவியின் நடுவே நோயின் பெயரைச் சொல்வார். இன்னொருவர் கார் ஓட்டியபடியே பேசி, குறுக்கே வந்தவனை வாயாரத் திட்டுவார்; அந்தத் திட்டு நோயாளியின் அறிக்கையில் சேர்ந்துவிடாமல் காப்பதும் அவள் கடமை.

நெடுங்காலம் தட்டெழுதியவளுக்கு இப்போதுதான் ஒரு கதவு திறந்திருந்தது. பிறர் எழுதியதைப் பார்த்துத் திருத்தும் பிழைதிருத்துநர் நாற்காலி ஒன்று காலியாகி, மூவருக்குச் சோதனைத் தொகுதி கொடுத்திருந்தார்கள். மற்ற இருவரும் அவளுக்கு இளையவர்கள். அவளுடைய தொகுதி ஏற்கப்பட்டால் நாற்காலி அவளுக்கே என்று மேலாளரம்மாள் வாய்விட்டே சொல்லியிருந்தாள். ஆனால் அன்று மாலை ஆறு மணிக்குள், அலுவலகத்தில் பதிவான அந்தக் கணினியிலிருந்தே, முழுத் தொகுதியும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும்.

அந்தக் கணினிக்குள்தான் முந்தின நாள் வைரஸ் புகுந்தது. எதைத் தொட்டாலும் செருப்பு விளம்பரம். செருப்பை மூடினால் கூந்தல் தைலம். தைலத்தை மூடினால் வழுக்கைத் தலையர் ஒருவர் சிரித்துக்கொண்டு வந்தார். தொகுதிக் கோப்புகளை நல்லவேளையாகத் தனியே ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தாள். அவளுடைய தம்பி வந்து ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டு மாலைக்குள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டான். வைரஸ் போயிற்று. காலையில் பார்த்தால், கூடவே நெட்டும் போயிருந்தது.

தம்பி மீண்டும் வந்தான். தோளில் ஒயர்ச் சுருள் இல்லாமல் அவனைப் பார்த்தவரில்லை. ஆதலால் ஊருக்கு அவன் 'ஒயர்'. நனைந்த செருப்பை வாசலில் உதறிவிட்டு நுழைந்தவனை, மாவு படிந்த புருவத்தோடு அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்த ரொட்டிக்காரர் வரவேற்றார்.

"வாங்க டாக்டரே! ஆபரேஷன் சக்சஸ். நோயாளிதான் மூச்சு விடல."

"அத்தான், உங்களை நான் ஒண்ணுமே கேக்கலியே. மொத நோயை உள்ள விட்டது யாருன்னு நான் கேக்க ஆரம்பிச்சா இந்த வீட்டுல சண்டை வரும்."

"கேளு மச்சான், தாராளமா கேளு. எனக்கென்ன பயம்?"

"கேக் படம், கேக் படம்னு ராத்திரி பகல்னு இல்லாம டவுன்லோட் பண்றது யாரு?"

ரொட்டிக்காரர் புருவத்து மாவைத் துடைத்துக்கொண்டார். "அது தொழில் சம்பந்தமா. மூணு அடுக்குக் கேக் கேட்டு ஒரு அம்மா வந்துச்சு. பாக்காம எப்படிச் செய்யறது?"

"கேட்டது மூணு அடுக்கு. நீங்க எறக்கி வச்சிருக்கிறது முந்நூறு படம்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?" என்றாள் அவள். "சாயங்காலம் ஆறு மணிக்கு இது போகணும். போகலைன்னா எனக்கு அந்த இடம் கிடையாது. கேக்கைப் பத்தி ஏழு மணிக்குப் பேசிக்கலாம்."

சன்னலோரம் சாய்வு நாற்காலியில் பெரியவர் முதுகு வளையாமல் அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பேச்சுக்கும் அவர் தலை திரும்பவில்லை. பிறர் பொறுப்பிலுள்ள பிடியைத் தொடுவதில்லை என்பது அவர் வாழ்க்கை நெறி. அந்த வீட்டில் கணினி மருமகளின் பிடி.

ஒயர் முதலில் ரூட்டரை அணைத்து ஏற்றினான். பயனில்லை. தன் போனிலிருந்து நெட் கொடுத்துப் பார்த்தான். அப்போதும் அதே வெள்ளைத் திரை.

"அப்ப லைன்ல குத்தமில்லக்கா. மெஷினுக்குள்ளதான் எங்கயோ முடிச்சு விழுந்திருக்கு." அடுக்கடுக்காகத் திரைகளைத் திறந்துகொண்டே போனவன், ஓரிடத்தில் நின்று தொடையில் தட்டினான். "பிடிச்சுட்டேன்! ப்ராக்ஸி."

"யாரு அவன்?" என்றார் ரொட்டிக்காரர்.

"தரகன் அத்தான். இந்த வைரஸ் என்ன பண்ணியிருக்குன்னா, 'இனிமே இந்த மெஷின்லேர்ந்து எது வெளிய போனாலும் என் தரகன் கை வழியாத்தான் போகணும்'னு செட்டிங்கை மாத்தி வச்சிருக்கு. நேத்து நான் தரகனை ஒழிச்சுட்டேன். ஆனா செட்டிங் மாறல. மெஷின் பாவம், செத்துப்போன தரகன் வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்குது."

"கதவைத் திறக்க ஆளில்ல."

"ஆளில்ல. இந்தக் கட்டத்துல இருக்கிற டிக்கை எடுத்தா நேர் வழி." எடுத்தான். அலுவலகத்தின் பக்கம் மலர்ந்தது. அவளுக்குப் போன உயிர் வந்தது.

ஆயினும் கடைசி ஒலிப்பதிவு ஒன்று எழுதப்படாமல் கிடந்தது. நெட் வந்துவிட்ட தெம்பில், கணவர் கொண்டுவந்த சூடான ரொட்டியையும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பருப்பு சூப்பையும் மூவரும் அடுக்களையிலேயே நின்று உண்டார்கள். பெரியவருக்கு அவர் இடத்துக்கே தட்டுப் போயிற்று. பிறகு அவள் மிதியில் கால் வைத்தாள். கொட்டாவி மருத்துவர்தாம். ஒரே சொல்லுக்காக அவரை ஏழெட்டு முறை கொட்டாவி விட வைத்து, எழுதி முடித்து, நிமிர்ந்து, அனுப்பும் பொத்தானை அமுக்கினாள்.

இணைப்பு இல்லை.

"டேய்!" என்று அவள் போட்ட சத்தத்தில், தூங்கிப்போயிருந்த தம்பி ஒயரோடு எழுந்தான்.

போய்ப் பார்த்தான். எடுத்த டிக் மீண்டும் கட்டத்துக்குள் அமர்ந்திருந்தது.

"அத்தான், இதைத் தொட்டீங்களா?"

"நான் சூப்பைத் தொட்டேன். ரொட்டியைத் தொட்டேன்."

"நான் எடுத்தேன். எடுத்ததை நீங்க ரெண்டு பேரும் பாத்தீங்க. தானா எப்படி வந்து உக்காரும்?"

"எடுத்தேன்னு சொன்னே. சரியா எடுத்தியா? நீ போட்ட சுவிட்சு எங்க கடையில ரெண்டு தடவை கீழ விழுந்துச்சு."

"அது சுவர் சரியில்ல!"

"சுவரைக் குத்தம் சொல்ற எலக்ட்ரீஷியனை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"அத்தான், நான் எலக்ட்ரீஷியன் இல்ல. நெட்வொர்க்."

"அப்ப சுவத்துல எதுக்குடா கை வச்சே?"

அவள் இருவருக்கும் நடுவே கையை நீட்டினாள். போக்குவரத்தை நிறுத்தும் அந்தக் கைக்கு இரு வாய்களும் அடங்கின. ஒயர் மறுபடியும் டிக்கை எடுத்தான். தொகுதியை அவளே அனுப்பினாள். திரையின் அடியில் பச்சைக் கோடு ஒன்று முளைத்து, நனைந்த தெருவில் போகும் நத்தையைப் போல வலப்பக்கம் நகரத் தொடங்கியது.

"மழையில லைன் மெதுவாத்தான் போகும்," என்றான் தம்பி. "நேரம் இருக்கு, போதும். டீ போடுக்கா."

அடுக்களையில் தண்ணீர் கொதிக்கும்போது அவள் மெல்லக் கேட்டாள். "ஏண்டா, மெஷினுக்கு எது வந்தாலும் உடனே சொல்லணும்னு ஆபீஸ்ல ஒரு விதி இருக்கு. நான் இன்னும் சொல்லல."

"சொல்லாதேக்கா. அதான் துடைச்சாச்சே. இப்ப போய்ச் சொன்னா, உன் தொகுதியைத் தூக்கி ஓரமா வச்சுடுவாங்க."

"நாளைக்குச் சொல்லிக்கலாம். இன்னைக்கு வேண்டாம்," என்றார் கணவர், ரொட்டியை வெட்டிக்கொண்டே. இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அதனாலேயே அவளுக்கு அது உறுத்தியது.

தேநீரோடு திரும்பினால் பச்சைக் கோடு பாதியில் நின்றிருந்தது. திரையில் 'இணைப்பு இல்லை.' கட்டத்துக்குள் டிக்.

இம்முறை ஒருவரும் கத்தவில்லை. ரொட்டிக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மச்சான், தரகன் நிஜமாவே செத்துட்டானா?"

மணி நாலரையைத் தாண்டியிருந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை எடு. அனுப்பு. அப்புறம் ரெண்டு பேரும் அடுக்களைக்குப் போயி, வழக்கம்போலச் சண்டை போடுங்க. சத்தமா போடுங்க. நான் இங்க நிக்கிறேன்."

அவர்கள் போய், பிசகின்றிச் சண்டையிட்டார்கள். அவள் கதவுத் திரைக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றாள். பச்சைக் கோடு நகர்ந்தது. சன்னலில் மழை. சாய்வு நாற்காலியில் பெரியவர்.

டிங்.

கணினியில் ஒரு சிறு மணியோசை. திரையின் மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி: தம்பி போட்ட ஆன்டிவைரஸ்தான், தான் பார்க்காத நேரத்தில் ஓர் அமைப்பு மாறிவிட்டதே என்று கவலைப்பட்டு, 'பழைய நிலைக்குத் திருப்பவா? ஆம், இல்லை' என்று கேட்டது. பெரியவரின் தலை திரும்பியது. அறையைப் பார்த்தார், ஒருவருமில்லை. எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். நான்கே எட்டில் மேசையை அடைந்து, மவுஸை ஒரு பெரிய இரும்புப் பிடியைப் பற்றுவது போல உள்ளங்கை முழுவதாலும் பற்றி, 'ஆம்' என்பதை அமுக்கினார். பச்சைக் கோடு நின்றது. அவர் நிறைவோடு திரும்பினார்.

"மாமா," என்றாள் அவள், கதவுத் திரையை விலக்கிக்கொண்டு.

"வாம்மா. மணி அடிச்சுது. யாரும் இல்ல. பதில் குடுத்துட்டேன்." கடமை முடித்தவரின் குரல் அது, அதில் கள்ளத்தின் நிழல்கூட இல்லை.

"முன்னாடியும் அடிச்சுதா மாமா?"

"நீங்க சாப்பிடப் போனப்ப. அப்புறம் டீ குடிக்கப் போனப்ப. அடிச்ச போதெல்லாம் நான் எழுந்திரிச்சுப் பாத்தேன். மணியை அடிக்க விட்டுட்டு உக்காந்திருக்கறவன் நான் இல்லம்மா."

அவள் ஓரடி கிட்டே வந்தாள். "நேத்து?"

"நேத்து பெரிய மணி. திரை பூராவும் சிவப்பு. 'ஆபத்து! உடனே அமுக்கவும்'னு போட்டிருந்தான். ஆபத்துன்னு ஒருத்தன் கத்தறப்ப, நீ யாரு, உன் அப்பன் யாருன்னு கேட்டுக்கிட்டா நிப்பாங்க? அமுக்கினேன். உடனே 'நன்றி'ன்னு போட்டான். மரியாதை தெரிஞ்சவன்."

அடுக்களையில் சண்டை நின்றுவிட்டிருந்தது. ரொட்டிக்காரர் அடுக்களை வாசலில் வந்து நின்றார், பின்னால் ஒயர். ஒரு நாள் முழுவதும் சுமந்த பழி இறங்கிய முகம், அப்பாவின் மீது இறங்கியதே என்று கோணிக்கொண்டது.

"அப்பா... நீங்களா? நான் அந்தக் கேக்கை எல்லாம் அழிச்சுட்டேனே!"

"நல்ல வேலைதான் பண்ணினீங்க அத்தான்," என்றான் ஒயர்.

"நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்றார் பெரியவர். அவர் குரலில் முதன்முறையாக ஓர் ஐயம்.

அவள் நாற்காலியை இழுத்து அவர் எதிரே அமர்ந்தாள். கோபம் வந்தது, ஆனால் கழுத்துவரை போட்டிருந்த அந்தப் பொத்தானைப் பார்த்ததும் அது சொல்லாக மாறவில்லை.

"மாமா, உங்க கேபின்ல மணி அடிச்சா, அடிக்கிறது யாரு?"

"அடுத்த ஸ்டேஷன்காரன், வண்டி வருதுன்னு சொல்ல. வேற யாரு?"

"தெருவுல போற எவனாவது உள்ள பூந்து அடிச்சா?"

"அதெப்படி? கேபினுக்குள்ள வெளியாள் கால் வைக்கக் கூடாதே."

"இங்க வச்சுட்டான் மாமா. நேத்து மணி அடிச்சவன் வெளியாள்."

பெரியவர் திரையைப் பார்த்தார். பிறகு, மெதுவாக, தம் வலக்கையைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் ஒரு வண்டியையும் தவறான பாதையில் விடாத கை.

"வண்டி ஏதாவது மோதிடுச்சாம்மா?"

"இன்னும் இல்ல. ஆறு மணி வண்டி ஒண்ணு போயாகணும். அது போற வரைக்கும் எவன் மணி அடிச்சாலும் பதில் இல்ல. லைனை மூடியாச்சு. காவல் நீங்க."

"உத்தரவு யாரோடது?"

"என்னோடது."

அவர் எழுந்து, சாய்வு நாற்காலியை விட்டு முக்காலியை இழுத்துக்கொண்டு மேசைக்கு அருகில் அமர்ந்தார். ஒயர் கடைசி முறையாக டிக்கை எடுத்தான். அதற்கும் அவர் மருமகளின் முகத்தைப் பார்த்து, அவள் தலையசைத்த பிறகே இடம் கொடுத்தார். அதன்பின் அவன் ஆன்டிவைரஸை ஒருமுறை சரிபார்க்கலாமே என்று கை நீட்ட, "தள்ளி நில்லு" என்றார். மகன் கோடு எவ்வளவு போயிருக்கிறது என்று எட்டிப் பார்க்க, "நீயும்தான்" என்றார். டிங் என்றது. அவர் அசையவில்லை. மீண்டும் டிங். காதுமடல் மட்டும் துடித்தது. ஆயுள் முழுதும் பழகிய உடல் எழத் துடிப்பதையும், அவர் இரு கைகளாலும் முக்காலியைப் பற்றி அதை அமர்த்துவதையும் அவள் பார்த்தாள்.

பச்சைக் கோடு வலது கரையைத் தொட்டது. "போயிடுச்சு!" என்று ரொட்டிக்காரர் மச்சானைக் கட்டிக்கொள்ள, மச்சான் தும்மினான். மாவு.

அப்போது புதிதாக ஒரு பெட்டி திரை நடுவே எழுந்தது. 'தொகுதி வந்து சேர்ந்தது. ஆறு மணிக்குள் உறுதி செய்ய இங்கே அமுக்கவும்.'

அவள் கை நீட்டுவதற்குள் பெரியவரின் உள்ளங்கை மவுஸின்மேல் கவிழ்ந்தது.

"மாமா, இது ஆபீஸ்!"

"யார் சொன்னது?"

"மேல பேர் போட்டிருக்கு பாருங்க."

"நேத்தும் அவன் பேர் போட்டிருந்தான். முத்திரைகூட இருந்துச்சு."

"அப்பா, நேரம் ஆகுதுப்பா!"

"அடுத்த ஸ்டேஷன்ல கேளுங்க. அவங்க வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் இது வெளியாள்தான்."

அவருடைய கையைப் பெயர்த்தெடுக்க அங்கு ஒருவருக்கும் பலமில்லை. அவர் சொன்னதில் பிழை காணவும் வழியில்லை. அவள் மேலாளரம்மாளுக்குப் போன் செய்தாள். தயங்கித் தயங்கி, ஒரு பெட்டி வந்திருக்கிறது, அது உங்களுடையதுதானா என்று கேட்டாள்.

"எங்களுதுதான். அமுக்குங்க. ஏன், என்ன ஆச்சு?" என்றது மறுமுனை.

"ஒண்ணுமில்ல மேடம், சும்மா..."

"இங்க குடும்மா," என்றார் பெரியவர். கொடுக்காதே என்று தம்பி கண்ணால் கெஞ்சினான். கணவரோ வாயைப் பொத்திக்கொண்டார், தம்முடையதை. போன் கைமாறிவிட்டது.

"வணக்கம். நான் இந்தப் பொண்ணோட மாமனார். நேத்து இந்த மெஷின்ல விபத்து நடந்துச்சு. வெளியாள் உள்ள வந்தான். வழி விட்டது நான். இவங்க மூணு பேருக்கும் அதுல சம்பந்தமில்ல. இப்ப சுத்தம் பண்ணியாச்சுன்னு சொல்றாங்க. அது எனக்குத் தெரியாது. விபத்து நடந்தா அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லணும். சொல்லிட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலி காலோடு நடந்து வேறொருத்தி வீட்டுக்குப் போவதை மூடிய கண்ணுக்குள் தெளிவாகக் கண்டாள்.

"ஸ்பீக்கர்ல போடுங்க ஐயா," என்றது குரல். போட்டார்கள். "ஏம்மா, இதை நீ காலையிலயே சொல்லியிருக்கணும்."

"ஆமா மேடம். பயந்துட்டேன்."

"தொகுதியை எதுல வச்சிருந்தே?"

"தனி பென்டிரைவ்ல மேடம். வைரஸ் வந்ததும் மெஷின்லேர்ந்து உருவிட்டேன்."

"ம்." காகிதம் புரளும் ஓசை. "இங்க போன வாரம் ஒரு பெரிய அதிகாரி இதே மாதிரி அமுக்கிட்டார். இன்னைக்கு வரைக்கும் அவர் வாயைத் திறக்கல. எங்க பசங்களே மோப்பம் பிடிச்சுக் கண்டுபிடிச்சாங்க. நீ மறைச்சு, நாளைக்கு அவங்க கண்டுபிடிச்சிருந்தா, உன் பேரை நானே அடிச்சிருப்பேன். திங்கக்கிழமை எங்க ஆள் வந்து மெஷினைப் பாப்பான். பாஸ்வேர்டை எல்லாம் இன்னைக்கே மாத்து. அதுவரைக்கும் வேலை கிடையாது. தொகுதியை நான் ஏத்துக்கறேன். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து நீ பிழை பாரு. இப்ப அந்தப் பெட்டியை அமுக்கு, நேரம் இருக்கு."

ரொட்டிக்காரர் சத்தம் வராமல் குதித்தார். ஆனால் மவுஸின் மேலிருந்த கை நகரவில்லை.

"மாமா, சொல்லிட்டாங்களே!"

"பேச்சு போதாதும்மா. முறையா வேணும். அடுத்த ஸ்டேஷன்காரன் 'லைன் கிளியர்'னு வாயால சொன்னாத்தான் வண்டியை விடணும்." போனை நோக்கிக் குனிந்தார். "அம்மா, லைன் கிளியரா?"

மேலாளரம்மாளின் குரலில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. "கிளியர் ஐயா."

"முழுசாச் சொல்லணும்."

"லைன் கிளியர்."

"லைன் கிளியர்," என்று அவர் உரக்கத் திருப்பிச் சொன்னார். கையை எடுத்தார். எழுந்து இரண்டடி பின்வாங்கி, சுவரோரம் நேராக நின்றார்.

அவள் அமுக்கினாள். பெட்டிக்குள் ஒரு சிறு கோடு இடமிருந்து வலமாக ஓடத் தொடங்கியது. கடந்து போகும் வண்டியின் கடைசிப் பெட்டி வரைக்கும் பார்த்து நிற்பவரைப் போல, அது ஓடி முடிந்து மறையும் வரையில் பெரியவர் அதே இடத்தில் கையைப் பக்கவாட்டில் வைத்து நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்து ஒயரும் ரொட்டிக்காரரும், ஏனென்று தெரியாமலே, நேராக நின்றார்கள்.